எந்தப் பூச்சிக்கு மருந்து

கல்முனை பஸ் நிலையத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கிற ஓட்டோக்களில் நாய் ஏறிய ஓட்டோ ஒன்றே ஒன்றுதான். அது றம்ஸீனுடையது. அதைத் தூரத்தில் கண்டதும் சிலர் அடுத்த ஓட்டோவுக்குக் கை காட்டுவார்கள். வேறு சிலர் ஏறி உட்கார்ந்த பிறகு, கழுவினதுதானே என்று கேட்பார்கள். ஏழு தரம் கழுவினது, அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால், சந்தேகம் என்றால் றிப்னாவிடம் போய்க் கேளுங்கள் என்பார் றம்ஸீன். றிப்னா அவருடைய மனைவி. அவரிடம் போய் இப்படிக் கேட்கும் தைரியம் அவர்கள் இருக்கும் சாய்ந்தமருதில் யாருக்கும் இருக்கவில்லை.

றம்ஸீனின் வாயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். யார் என்ன கேட்டாலும் கேள்வி முடியுமுன்பே ஆமாம் என்கிற "ஓம்" அந்த வாயிலிருந்து வந்துவிடும். மனிசன் பொய்க்காரன் அல்ல. மற்றவரைக் காக்க வைப்பது அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். வருடக் கணக்காக ஓட்டோ ஓடுகிறவருக்கு இந்தக் குணம் நல்ல பேரைத்தான் வாங்கிக் கொடுத்திருந்தது. அந்த நாய் வரும் வரைக்கும்.

அது வந்தது ஒரு செப்டெம்பர் வெயிலில். கொழும்பிலிருந்து வந்த வான் வண்டியொன்று பஸ் நிலையத்தடியில் பழுதாகிப் படுத்துவிட்டது. வானிலிருந்து ஒரு பெண்ணும், இலவம்பஞ்சுத் தலையணை மாதிரி வெள்ளையாய் ஒரு நாயும் இறங்கினார்கள். பாண்டிருப்புக்குப் போக வேண்டும் என்று அந்தப் பெண் ஓட்டோ ஓட்டோவாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவருக்குச் சாப்பாட்டு நேரம், ஒருவருக்கு பெற்றோல் இல்லை, ஒருவருக்குத் திடீரென்று காது கேட்கவில்லை. றம்ஸீனிடம் வந்து, தங்கரத்தினம் அம்மாவின் வீட்டுக்கு என்றதும் அவருக்கு ஆள் விளங்கிவிட்டது. தங்கரத்தினம் அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்குவது அவர்தான். இது நோர்வேயில் இருக்கிற மகள் கஜனி. சண்டைக் காலத்தில் ஆறு வயதில் சித்தியோடு போனவர், அங்கே ஒரு வைத்தியசாலையில் தாதி. விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட தாயைப் பார்க்க வந்திருக்கிறார்.

ஏற்றுவீர்களா என்று கஜனி கேட்டு முடிக்கவில்லை, "ஓம்" வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் நாய் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பின் சீற்றில் ஏறுவதைப் பார்த்தார். சொன்னது சொன்னதுதானே. இறக்கிவிட்டுக் கடற்கரைப் பக்கமாகப் போய், வாளியும் மண்ணுமாக நின்று கழுவினார். பள்ளிவாசல் மௌலவியிடமும் போய்க் கேட்டார். ஏற்றியது பாவமில்லை, ஈரம் பட்டால் கழுவிவிடுங்கள், அதுதான் மார்க்கத்தின் சட்டம் என்றார் மௌலவி. அந்த அளவில் றம்ஸீனின் மனம் அடங்கிவிட்டது. றிப்னாவின் மனம் அவ்வளவு இலகுவில் அடங்கவில்லை. அவர் வீட்டுக் குழாயடியில் மண் நிரப்பிய ஒரு வாளியை வைத்து, நாய் ஏற்றிய சட்டையோடு இதைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

நாயின் பெயர் ஸ்னோ. அந்த நாட்டுப் பாஷையில் பனி என்று அர்த்தமாம். தங்கரத்தினம் அம்மாவின் வாயில் அது வந்த அன்றே சின்னானாகிவிட்டது. காலையும் மாலையும் நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகும் வேலையை றம்ஸீன் ஏற்றுக்கொண்டார். தாயைத் தூக்கி இருத்துவதும் குளிப்பாட்டுவதுமாகக் கஜனிக்கு வீட்டுக்குள்ளேயே வேலை சரியாக இருந்தது. தொப்பி போட்ட மனிதர் ஒருவர் வெள்ளை நாயைப் பிடித்துக்கொண்டு மணலில் நடப்பதைப் பார்த்து மீன்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். வேறு என்ன செய்கிறது.

இந்த நாயைப் பற்றிக் கஜனிக்கு ஒரு பயம் இருந்தது. பனி விழும் ஊரில் வளர்ந்த நாய். இங்கே கடிக்கிறவை எதுவும் அதற்குப் பழக்கமில்லை. நம்முடைய தெருநாய்களுக்கு உண்ணியோடு ஒரு மாதிரி ஒத்துப்போய்விட்டது, இதற்கு அப்படி இல்லை. ஒரு உண்ணி கடித்தாலும் இரத்தத்தில் காய்ச்சல் ஏறும், ஒரு நுளம்பு கடித்தாலும் இதயத்துக்குள் புழு வளரும், மணல் ஈ ஒன்று இருக்கிறது அதுவும் கூடாது என்று ஒரு நாள் நின்று விளங்கப்படுத்தினார். றம்ஸீனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் கசப்பும் வந்தது. அவருடைய இரண்டாவது மகள் டெங்குவில் கிடந்து எழும்பி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளைகளையே நுளம்பிடமிருந்து காப்பாற்ற முடியாத ஊரில் நாய்க்குக் காவலா என்று நினைத்தார். ஆனால் பின்னேரமானால் கதவைச் சாத்தி நுளம்புச் சுருள் கொளுத்துவதை அந்த வீட்டில் அவர்தான் மறக்காமல் செய்தார்.

ஒக்டோபர் கடைசியில், தாய் வோக்கர் என்கிற நடைச்சட்டத்தைப் பிடித்து நடமாடத் தொடங்கிய நேரத்தில், கஜனிக்கு வேலையிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று நாயைத் தாயிடமும் றம்ஸீனிடமும் விட்டுவிட்டுப் போனார். போகுமுன் வீட்டுக்குள் வைத்து நாயின் கழுத்து மயிரை விலக்கி, தோலில் ஏதோ சொட்டு மருந்து விட்டார். அது மாதம் ஒருமுறை விட வேண்டிய மருந்து. றம்ஸீன் அப்போது வெளியே ஓட்டோவில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அதனால் அவர் அதைக் காணவில்லை.

ஒரு மாதம் என்றது நீண்டது. அங்கே ஆட்கள் பற்றாக்குறை, லீவு கிடைக்கவில்லை. கஜனி றம்ஸீனை ஊர் முறைப்படி அண்ணனாக்கி நானா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு அழைத்து, மருந்துக்கு நாள் வந்துவிட்டது, அங்கேயே வாங்கி மாதாமாதம் பூச்சி மருந்து போடுங்கள் நானா, தவறவிட்டுவிடாதீர்கள் என்றார். ஓம் தங்கச்சி என்றார் றம்ஸீன்.

இங்கேதான் கோளாறு. கல்முனையில் நுளம்பை நுளம்பு என்பார்கள், உண்ணியை உண்ணி என்பார்கள். பூச்சி மருந்து போடுங்கள் என்று ஒருவர் சொன்னால், நாலு பிள்ளை பெற்ற வாப்பாவுக்கு ஞாபகம் வருவது பிள்ளைகளின் வயிற்றுக்குள் நெளிகிறதுதான். போடுவது என்றால் விழுங்குகிற குளிசைதான், வேறென்ன. சம்மாந்துறைப் பக்கம் வயல்காரரிடம் போய்க் கேட்டிருந்தால் இன்னும் மோசம், நெல்லுக்கு அடிக்கிற விசத்தையல்லவா தூக்கிக் கொடுத்திருப்பார்கள். அந்த மட்டில் அல்லாஹ் காப்பாற்றினான். றம்ஸீன் கடைக்குப் போய் நாய்க்குப் பூச்சிக் குளிசை கேட்டார். கடைக்காரர் நாய்க்கான வயிற்றுப் பூச்சிக் குளிசையைக் கொடுத்தார். கேட்டதும் சரி, கொடுத்ததும் சரி. சூடை மீனின் வயிற்றுக்குள் குளிசையை வைத்துக் கொடுத்தார், சின்னான் ஒரே விழுங்கு.

கஜனி ஒவ்வொரு அழைப்பிலும் கேட்டார். பூச்சி மருந்து போட்டீங்களா நானா? ஓம் தங்கச்சி. மாரி மழை பெய்து, பாண்டிருப்பில் வளவெல்லாம் தண்ணீர் நின்று, நுளம்பு இரைந்துகொண்டிருந்த நாட்களிலும் கேட்டார். அப்போதும் ஓம். அந்த ஓமில் ஒரு துளி பொய் இல்லை, அதுதான் கொடுமை.

மழை விட்ட கிழமை சின்னான் மாறிப்போனது. கடற்கரையில் நண்டைக் கண்டாலும் துரத்தவில்லை. மீனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. பனை ஊரில் வளர்ந்த நாய்க்குக் கூதல் பிடித்திருக்குமா என்று தங்கரத்தினம் அம்மா கேட்டு, பிறகு தானே சிரித்தார், பனி ஊர் என்று சொல்ல வந்து பனை என்றுவிட்டாராம். அன்று பின்னேரம் மணலில் நின்றபடி நாய் ஒருமுறை தும்மியது. மணலில் இரத்தம் விழுந்தது. மூக்கிலிருந்து இன்னும் வடிந்தது. றம்ஸீன் குனிந்து அதன் காதைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஆமணக்கம் வித்துக்களை ஒட்டி வைத்ததுபோல் உண்ணிகள். எத்தனை நாளாக இருந்தனவோ, அந்த அடர்ந்த மயிருக்குள் அவர் ஒரு நாளும் கை வைத்ததே இல்லை. கை வைத்தால் கழுவ வேண்டுமே என்று கயிற்றின் மறுமுனையிலேயே இவ்வளவு காலமும் நடந்திருக்கிறார்.

அப்படியே நாயைத் தூக்கி ஓட்டோவில் போட்டுக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனார். டொக்டர் சுஜிந்தன் அமைதியான மனிதர். பல் முரசையும் கண்ணையும் வயிற்றையும் பார்த்துவிட்டு, பூச்சி மருந்து ஏதாவது போடுகிறீர்களா என்று கேட்டார்.

"ஓம் சேர். மாசாமாசம். ஒண்டும் தவறல்ல."

"எந்தப் பூச்சிக்கு?"

றம்ஸீன் சட்டைப் பையிலிருந்து குளிசை உறையை எடுத்து நீட்டினார். டொக்டர் அதை வாங்கித் திருப்பிப் படித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"இது வயித்துக்குள்ள இருக்கிற பூச்சிக்கு நானா. வெளியில இருந்து கடிக்கிறதுக்கு என்ன போட்டீங்க?"

றம்ஸீனுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. கஜனி கேட்ட ஒவ்வொரு கேள்வியும், தான் சொன்ன ஒவ்வொரு ஓமும் வரிசையாக வந்து நின்றன.

டொக்டர் இரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவு வரும்வரை பார்த்திருக்க முடியாது என்று அன்றே மருந்தைத் தொடங்கினார். உண்ணிக் காய்ச்சல்தான், நேரத்தோடு வந்திருந்தால் இவ்வளவுக்குப் போயிராது, ஆனாலும் பிழைக்க இடமிருக்கிறது என்றார். உண்ணிக்கும் நுளம்புக்கும் கழுத்தில் விடுகிற மருந்தைத் தானே விட்டுக் காட்டினார். இதயப் புழுவுக்கு மாதக் குளிசை வேறாகக் கொடுத்தார். அந்தப் புழு இந்த மழையில் நுளம்பு வழியாக ஏற்கெனவே ஏறியிருக்குமா என்று றம்ஸீன் கேட்டார். இப்போது சொல்ல முடியாது, உள்ளே போயிருந்தாலும் சோதனையில் தெரிவதற்கு அரை வருடமாவது எடுக்கும் என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்ததும் தங்கரத்தினம் அம்மா வோக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். கேட்டுவிட்டு அழுதார். பிறகு, கஜனிக்கு இப்போது சொல்ல வேண்டாம் தம்பி, அங்கே தனியக் கிடந்து அழுவாள், சுகமான பிறகு பக்குவமாகச் சொல்லுவோம் என்றார். றம்ஸீனுக்கு அந்த யோசனை எவ்வளவு பிடித்திருந்தது என்பதை மறைத்து என்ன பயன். வெயிலில் நின்றவனுக்கு நிழல் காட்டியது மாதிரி இருந்தது. சரியம்மா என்று தலையாட்டிவிட்டு நிற்கும்போதே தொலைபேசி அடித்தது.

கஜனி தாயின் சுகம் கேட்டார். சின்னானின் சுகம் கேட்டார். பூச்சி மருந்து போட்டீங்களா நானா என்று கேட்டார். ஓம் வாய்க்குள் வந்து நின்றது. இந்த முறை அதை வெளியே விட்டால் அது பொய். மனிசன் அதை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"இல்ல தங்கச்சி. நான் வயித்துப் பூச்சிக்கித்தான் குடுத்த. நீங்க சென்னத்த நான் பிழையா விளங்கிட்டன். சின்னானுக்கு உண்ணிக் காய்ச்சல். மூக்கால ரெத்தம் வருது."

"நான் ஒவ்வொரு முறையும் கேட்டனே நானா. நீங்க ஓம் எண்டு சொன்னீங்களே" என்ற குரல் உடைந்தது. அழைப்பு அறுந்தது.

அன்று றம்ஸீன் சரியாகச் சாப்பிடவில்லை. றிப்னா காரணம் கேட்டு, அவர் சொல்ல, றிப்னா எழுந்து உள்ளே போனார். நாய்க்கு இவ்வளவு பாடா என்று திட்டத்தான் போகிறார் என்று றம்ஸீன் காத்திருந்தார். றிப்னா அலுமாரியின் அடியிலிருந்து ஒரு நுளம்பு வலையை இழுத்துக்கொண்டு வந்தார். கடைசிப் பிள்ளைக்குக் கட்டிய வலை.

"இதக் கொண்டு போய் அந்த நாயிக்கிக் கட்டுங்க. திருப்பிக் கொண்டு வர வேணாம்."

அடுத்த நாள் காலையில் றம்ஸீன் பாண்டிருப்பில் வலையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது கஜனியே மீண்டும் அழைத்தார். குரல் இன்னும் சரியாகவில்லை. பூச்சி என்றால் என்ன என்று நேற்று அம்மாவிடம் கேட்டேன், அம்மா தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினா என்றார்.

"எனக்கு அது தெரியாது நானா. எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில பூச்சி எண்டா வண்ணத்துப்பூச்சிதான்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. றம்ஸீனும் அதை எதிர்பார்க்கவில்லை. கஜனி வீடியோவில் நாயின் முரசைக் காட்டச் சொன்னார், அது வெளிறியிருப்பதைக் கண்டதும் தாதியாகிவிட்டார். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது, சலம் என்ன நிறம், எழும்பி நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். றம்ஸீன் ஒவ்வொன்றுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னார். முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டவரை அவர் காக்க வைத்தார்.

பின்னேரங்களில் வலைக்குள் நாயின் பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சாவணத்தால் உண்ணி பிடுங்கினார். நசுக்காமல், தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும் என்று டொக்டர் காட்டியிருந்தார். காதுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் எல்லாம் தேடினார். நாய் முனகியது, சில நேரம் அவருடைய கையை நக்கியது. முன்பென்றால் கையை உதறிக்கொண்டு எழும்பியிருப்பார். இப்போது நக்க விட்டுவிட்டு, வேலை முடிந்த பிறகு குழாயடிக்குப் போய் மண்ணும் தண்ணீருமாக ஏழு தரம் கழுவிக்கொண்டு மஃரிப் தொழுகைக்குப் போனார். ஒன்று மற்றொன்றுக்குக் குறுக்கே நிற்கவில்லை, கொஞ்சம் தண்ணீர்தான் கூடச் செலவானது.

ஒரு காலையில் ஓட்டோச் சத்தம் கேட்டதும் சின்னான் வலையையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றது. வலை கிழிந்தேவிட்டது. தங்கரத்தினம் அம்மா வைத்த சோற்றையும் மீனையும் நக்கித் துடைத்துவிட்டு இன்னும் கேட்டது. றம்ஸீன் வாசற்படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அழுதாரென்றும் சொல்லலாம், இரண்டும்தான்.

பெப்ரவரியில் கஜனி வந்தார். வாசலில் வந்திறங்கியவரைக் கண்டதும் நாய் விழுந்து புரண்டது, ஓட்டோவுக்குள் பாய்ந்து பின் சீற்றைக் கால்நகத்தால் கிழித்தது. றம்ஸீன் கொஞ்சம் தள்ளியே நின்றார். முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கஜனி நாயின் காதுகளைத் திருப்பிப் பார்த்தார், விரல் இடுக்குகளைப் பார்த்தார். ஒரு உண்ணி இல்லை. திரும்பி, ஒவ்வொரு நாளும் நீங்கள்தான் பார்ப்பீர்களாம், அம்மா சொன்னா என்றார். றம்ஸீன் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். கஜனி உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். அது மன்னிப்புத்தானா என்று அவருக்குத் தெரியவில்லை. குடித்தார்.

தாய் வோக்கரை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிய பிறகு, ஏப்ரலில் கஜனி நாயையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். போகிற அன்று சொட்டு மருந்தை றம்ஸீனின் கையில் கொடுத்து, நீங்களே விடுங்கள் நானா என்றார். அவர் கழுத்து மயிரை விலக்கி, தோல் தெரியும் இடம் பார்த்து விட்டார். வான் திரும்பி மறையும்வரை நின்றுவிட்டு, ஓட்டோவைக் கழுவப் போனார். நாய் அன்று ஓட்டோவில் ஏறவேயில்லை என்பது பாதி கழுவிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் பாரம் இறங்கவில்லை. நாய் பிழைத்துவிட்டது சரி, அந்த மழைக்கால நுளம்புகள் அதன் இதயத்தில் என்னத்தை வைத்துவிட்டுப் போயினவோ, அது யாருக்கும் தெரியாது. அங்கே போய் நல்லாய் ஓடித்திரிகிறது என்று கஜனி படம் அனுப்புவார். றம்ஸீன் படத்தைப் பெருப்பித்து நெஞ்சுப் பக்கத்தைப் பார்ப்பார், என்னவோ அதில் தெரியப்போகிறது மாதிரி. தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளுக்கெல்லாம் துஆக் கேட்டுவிட்டு, கடைசியில் கொஞ்சம் தயங்கி அதற்கும் கேட்பார். றிப்னாவிடம் மட்டும் ஒருமுறை சொன்னார், நான் கேட்கத் தெரியாமல் ஓம் சொன்ன நாட்களுக்கு அந்தச் சீவன் கணக்குக் கொடுக்குமோ என்று பயமாக இருக்கிறது என்று.

அந்த அழைப்பு வந்தது, மழை விட்டு அரை வருடம் கடந்த பிறகு, சாய்ந்தமருதுப் பிரதான வீதியில், காலை நேரம், பின்னால் அக்கா வயதில் ஒரு றாத்தா சந்தைப் பையோடு உட்கார்ந்திருக்கும்போது. நோர்வே இலக்கத்தைக் கண்டதும் றம்ஸீன் ஓட்டோவை ஓரமாக நிறுத்தினார்.

"சோதனை முடிவு வந்திட்டு நானா. இதயத்தில புழு இல்ல. ஒண்டும் இல்ல. சுத்தம்."

கஜனி இரண்டு முறை நானா, நானா என்று கூப்பிட்டுவிட்டு, பிறகு அவருக்கும் விளங்கியதோ என்னவோ, தொலைபேசியை வைத்துவிட்டார். றம்ஸீன் தலையை ஹாண்டிலில் சாய்த்துக்கொண்டு அப்படியே அழுதார். பின்னால் இருந்த றாத்தா சாவுச் செய்தி என்று பதறிப்போனார். ஆருக்கு என்ன, மௌத்துச் செய்தியா என்று கேட்டார். இல்லை றாத்தா, சுகச் செய்தி, ஒரு நாய்க்குச் சுகம், நோர்வேயில் இருக்குது என்று துண்டு துண்டாகச் சொன்னார் றம்ஸீன்.

றாத்தாவுக்கு அது பிடிபட நேரமெடுத்தது.

"நோர்வேயில இரிக்கிற நாயிக்கா தம்பி இஞ்ச இரிந்து அழுறீங்க?"

றம்ஸீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேள்வியை முழுதாக ஒருமுறை யோசித்துப் பார்த்தார்.

"ஓம் றாத்தா" என்றார்.